ஹார்ட் ஃபெயிலியர்: வீட்டுக்குப் போகிறவர் கையில் கொடுக்கும் ஒரு பக்கத்தில் என்ன இருக்க வேண்டும்?

கேள்வி: வார்டுசெவிலி

வணக்கம். ஹார்ட் ஃபெயிலியரால் (இதயப் பலவீனத்தால்) மூச்சுத்திணறி வந்து சேர்ந்து, உடம்பில் தேங்கிய நீர் வடிந்து டிஸ்சார்ஜ் ஆகிறவர்களுக்கு இப்போது பன்னிரண்டு பக்கக் கையேடு ஒன்று கொடுக்கப்படுகிறது. அதை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஒரே தாள், முன்பக்கம் மட்டும், பெரிய எழுத்து என்று மாற்றப் போகிறோம். எதை வைப்பது, எதை விடுவது என்பதில்தான் தகராறு.

முதல் சிக்கல் எடை. "மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் கூப்பிடுங்கள்" என்கிறோம். வார்டு மெஷின் 68.4 காட்டுகிறது, மறுநாள் வீட்டு மெஷின் 69.9 காட்டுகிறது. ஏறியிருக்கிறதா, மெஷின் வித்தியாசமா? எந்த எண்ணிலிருந்து கணக்கு?

அடுத்து, தண்ணீர் எல்லோருக்கும் ஒன்றரை லிட்டர்தானா? உப்பைக் குறையுங்கள் என்றால் எவ்வளவு? வாந்தி, பேதி வந்த நாளில் எல்லா மாத்திரையும் போடலாமா? ரிப்போர்ட்டில் "இ.எஃப் 35 சதவீதம்" (ஒரு துடிப்பில் இதயம் வெளியே தள்ளும் இரத்தத்தின் அளவு) என்று பார்த்துவிட்டு, மீதி 65 சதவீத இதயம் போய்விட்டது என்று உடைந்துபோகிறவருக்குச் சுருக்கமாக என்ன சொல்வது?

பதில் 1: எடைநோட்டு (ஹார்ட் ஃபெயிலியர் கிளினிக் செவிலி)

வார்டு எண்ணை நோயாளியின் தாளில் எழுதவே வேண்டாம், கேஸ் ஷீட்டில் இருந்தால் போதும். டிஸ்சார்ஜ் ஆன மறுநாள் காலை வீட்டு மெஷின் என்ன காட்டுகிறதோ அதுதான் தொடக்க எண். தாளில் அதற்கு ஒரு வெற்றுக் கட்டம் விடுங்கள், அவரே நிரப்பட்டும். உங்கள் உதாரணத்தில் 69.9.

ஆனால் ஒன்று. அது நீர் முழுதும் வடிந்த எடைதானா என்பதை டிஸ்சார்ஜ் அன்றே டாக்டரிடம் கேட்டுக் குறித்துவிடுங்கள். கால் வீக்கம் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே அனுப்பினால் தொடக்க எண்ணே கூடுதலாக நிற்கும். அடுத்த வாரம் இரண்டு கிலோ இறங்கும். அதற்கடுத்த வாரம் நீர் தேங்கி இரண்டு கிலோ ஏறும். நோட்டைப் பார்த்தால் "பழைய எடைதானே" என்று தோன்றும், ஆள் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். முதல் ஒன்றிரண்டு வாரத்துக்குள் வரும் மறுபரிசோதனையில் தொடக்க எண்ணைத் திருத்தி எழுதுவது ஒரு வேலையாகவே இருக்க வேண்டும்.

எடை பார்க்கும் முறை எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிறோம், தெரியாது. எழுந்ததும் சிறுநீர் கழித்துவிட்டு, எதுவும் சாப்பிடாமல் குடிக்காமல், தினமும் ஒரே மாதிரி மெல்லிய உடையில், செருப்பில்லாமல். மெஷின் கெட்டித் தரையில் இருக்க வேண்டும். விரிப்பின் மேல் வைத்தால் எண் தப்பாக வரும். ஊசி உள்ள மெஷின் வேண்டாம். குனிந்து படிக்கும்போதே ஊசி ஆடும். 100 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் மெஷின் நல்லது. பார்த்த உடனே எழுத வேண்டும். "மனசில் வெச்சுக்கிறேன்" என்றவர் நோட்டில் ஏழு நாளும் ஒரே எண் இருந்தால் அது மருத்துவமனைக்கு வரும் வழியில் எழுதியது.

ஏன் எடை என்று கேட்டால் சொல்ல எளிய கணக்கு இருக்கிறது. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. ஒரு கிலோ கொழுப்பு சேர, செலவழிப்பதற்கு மேல் ஏறத்தாழ 7,700 கலோரி உள்ளே போக வேண்டும். ஆக மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சாப்பாடு இல்லை, நீர். கணுக்காலில் விரலால் அழுத்திக் குழி தெரிவதற்குள் உடம்பில் சில லிட்டர் சேர்ந்திருக்கும். எடை அதற்கு முன்பே காட்டிக்கொடுத்துவிடும்.

நேற்றைய எண்ணோடு மட்டும் ஒப்பிடுவது பெரிய ஓட்டை. தினம் 300 கிராமாக ஏறினால் எந்த நாளும் பயமுறுத்தாது, பத்து நாளில் 3 கிலோ. அதனால் இரண்டு ஒப்பீடு: மூன்று நாளுக்கு முந்தைய எண், தொடக்க எண். இரண்டில் எதைவிட 2 கிலோ கூடினாலும் கூப்பிட வேண்டும். ஒரு நாள் அரைக் கிலோ ஏறி இறங்குவது சாதாரணம், மலச்சிக்கலுக்குக்கூட அவ்வளவு காட்டும்.

இறங்குவதையும் தாளில் போடுங்கள். 2 கிலோ இறங்கி, எழுந்தால் தலைசுற்றல் என்றால் நீர் மாத்திரை (தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றுவது) அளவுக்கு மீறி வேலை செய்கிறது. இன்னொரு வகை மாதக்கணக்கில் வரும்: பசியில்லாமல் தசை கரைந்துகொண்டிருக்கும், அந்த இடத்தை நீர் நிரப்பும், எடை அசையாது. கை, தொடை மெலிந்து வயிறு மட்டும் உப்பியிருந்தால் நோட்டை நம்பாதீர்கள்.

பதில் 2: மாத்திரைப்பெட்டி (மருந்தாளுநர்)

மாத்திரைப் பகுதிக்கு என் பங்கு.

நீர் மாத்திரையை மற்ற மாத்திரைகளிலிருந்து பிரித்துச் சொல்லுங்கள். அது அறிகுறிக்கு, போட்ட அன்றே பலன் தெரியும். ஃபுரோசமைடு என்ற நீர் மாத்திரையை வாயால் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கி ஆறு மணி நேரம்போல் வேலை செய்யும். அதனால் காலையில் ஒன்று, இரண்டாவது வேளை இருந்தால் மதியத்துக்குப் பிறகு, மாலை நான்குக்குள். இரவு போட்டால் தூக்கம் கெடும், இருட்டில் கழிப்பறைக்குப் போய் விழுவார்கள். வெளியே போகிற நாளில் மாத்திரையை விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. விட வேண்டாம், நேரத்தைத் தள்ளலாம். திரும்பி வந்ததும் போட்டுக்கொண்டால் போதும்.

மாத்திரை போட்டும் சிறுநீர் முன்போலப் போகவில்லை என்று நோயாளி சொன்னால் காதில் வாங்குங்கள். உடம்பில் நீர் கோத்தால் குடல் சுவரும் வீங்கும், ஃபுரோசமைடு உள்ளே போவது மந்தமாகும். அதே அளவு மாத்திரை அதே வேலையைச் செய்யாது. டோஸைக் கூட்டுவதா, டோர்செமைடு என்ற வேறு நீர் மாத்திரைக்கு மாற்றுவதா, ஊசியா என்பது டாக்டர் முடிவு.

மற்றவை ஆயுளுக்கும் இதயத்தின் வலுவுக்கும். பம்ப் பலவீனமான வகையில் நான்கு குழு: சாகுபிட்ரில்-வால்சார்ட்டன், அல்லது அதற்குப் பதில் எனாலாப்ரில், ராமிப்ரில் போன்றவை; பைசோப்ரொலால், கார்வெடிலால், மெட்டோப்ரொலால் சக்சினேட் மாதிரி பீட்டா பிளாக்கர் (துடிப்பைத் தணிக்கும் மருந்து); ஸ்பைரோனோலாக்டோன் அல்லது எப்ளெரினோன்; டாபாகிளிஃப்ளோசின் அல்லது எம்பாகிளிஃப்ளோசின். இவற்றைப் போட்ட அன்று ஒன்றும் தெரியாது, நிறுத்திய அன்றும் ஒன்றும் தெரியாது. ஆபத்தே அதில்தான். இதயம் விரிந்து பலவீனமாகி, மருந்தால் இ.எஃப் சரியாகி, அறிகுறியே இல்லாதவர்களிடம் மருந்தைப் படிப்படியாக நிறுத்திப் பார்த்த ஆய்வு 2019-ல் வெளியானது, டிரெட்-எச்எஃப் என்று பெயர். ஆறு மாதத்துக்குள் ஏறத்தாழ 40 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. "நல்லாயிட்டேனே, எதுக்கு இத்தனை" என்று கேட்பவருக்கு இந்த ஒரு எண் போதும்.

ராமிப்ரில், எனாலாப்ரில் எடுத்தவரை சாகுபிட்ரில்-வால்சார்ட்டனுக்கு மாற்றும்போது நடுவில் 36 மணி நேர இடைவெளி கட்டாயம். இரண்டும் சேர்ந்தால் நாக்கு, தொண்டை வீங்கி மூச்சு அடைக்கலாம். வீட்டில் பழைய அட்டை மிச்சம் இருக்கும், அதை அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். "வீணாக வேண்டாமே" என்று இரண்டையும் சேர்த்துப் போடுகிறவர்கள் உண்டு.

வாந்தி, பேதி, கடும் காய்ச்சல், சாப்பாடு தண்ணீர் இறங்கவில்லை என்றால் அன்றே போன் செய்ய வேண்டும். உடம்பு வற்றிய நிலையில் நீர் மாத்திரை, ஸ்பைரோனோலாக்டோன், ராமிப்ரில் அல்லது வால்சார்ட்டன் வகை, டாபாகிளிஃப்ளோசின் வகை எல்லாம் சேர்ந்து சிறுநீரகத்தை அடிக்கும், பொட்டாசியத்தை ஏற்றும். எதை நிறுத்துவது என்று டாக்டர் சொல்வார். வழக்கமாகச் சாப்பிட்டுக் குடித்து 24 முதல் 48 மணி நேரம் ஆனதும் மீண்டும் தொடங்குவார்கள். நிறுத்தியதை மறுபடி தொடங்காமலே விட்டுவிடுவது, நிறுத்தாமல் இருப்பதைவிட அதிகம் நடக்கிறது, தாளில் "எப்போது மீண்டும்?" என்று ஒரு வரி வையுங்கள். பீட்டா பிளாக்கரைச் சட்டென்று தானாக நிறுத்தக் கூடாது.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவரின் சிறுநீரில் சர்க்கரை வந்தே தீரும். மருந்தின் வேலையே அது. அதனால் பிறப்புறுப்பில் பூஞ்சை அரிப்பு வரலாம். கூச்சப்பட்டு மாத்திரையை விட்டுவிடுவார்கள், நீங்களே முதலில் கேட்டுவிடுங்கள். அறுவைச் சிகிச்சைக்கு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டிய மருந்து இது.

வலி மாத்திரை: ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், நாப்ராக்சென், எட்டோரிகாக்சிப் கூடாது. உப்பையும் நீரையும் பிடித்து வைக்கும், நீர் மாத்திரையை முடக்கும். பாராசிட்டமால் பரவாயில்லை. ஆனால் தண்ணீரில் போட்டால் நுரைக்கும் வகை வேண்டாம். ஒரு மாத்திரையில் 400 மில்லிகிராம் வாக்கில் சோடியம் இருக்கும். மூக்கடைப்புக்கான சூடோஎஃபிட்ரின் கலந்த சளி மாத்திரையும் அதிமதுரம் சேர்ந்த மருந்துகளும் கேட்காமல் வேண்டாம்.

வார்டுசெவிலி

இரண்டு பேருக்கும் நன்றி. எடை ஏறினால் நீர் மாத்திரையை நோயாளியே ஒன்று கூட்டிப் போட்டுக்கொள்ளலாம் என்று தாளில் எழுதலாமா? சில டாக்டர்கள் சொல்கிறார்கள், சிலர் திட்டுகிறார்கள்.

பதில் 3: ஸ்டெத் (இதயநோய் மருத்துவர்)

பொதுத் தாளில் எழுதாதீர்கள். அந்த ஆளுக்கென்று டாக்டர் கையெழுத்தில் இருக்க வேண்டும்: எத்தனை கிலோ ஏறினால், எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் கூட, அதிகபட்சம் எத்தனை நாள். மூன்று நாளுக்கு மேல் நீள விடக் கூடாது, கூட்டிப் போட்டதை அன்றே போனில் சொல்லியிருக்க வேண்டும். சிறுநீரகம் பலவீனமானவர், பொட்டாசியம் ஏறி இறங்குபவர், தனியாக இருக்கும் முதியவர் இவர்களுக்கு அதுவும் வேண்டாம். சொல்லும் டாக்டரும் திட்டும் டாக்டரும் வேறு வேறு நோயாளிகளை மனதில் வைத்துப் பேசுகிறார்கள்.

எடைநோட்டு சொன்னதில் ஒரு சேர்க்கை. எடை ஏறாமலும் நிலைமை மோசமாகும். இரத்த அழுத்தம் திடீரென ஏறினாலோ, துடிப்பு தாறுமாறானாலோ உடம்பில் ஏற்கெனவே இருக்கும் இரத்தமே நுரையீரல் பக்கம் தள்ளப்பட்டு சில மணி நேரத்தில் மூச்சு முட்டும். "எடை சரியாகத்தானே இருக்கு, காலையில் பார்க்கலாம்" என்று விடிய விடியக் காத்திருப்பது தப்பு. தாளில் எடையையும் அறிகுறியையும் "அல்லது" போட்டு இணையுங்கள், "மற்றும்" போடாதீர்கள்.

அன்றே போன் செய்ய வேண்டியவை: வழக்கத்தைவிட ஒரு தலையணை கூடத் தேவைப்படுவது, படுத்தால் வரும் வறட்டு இருமல், குனிந்தால் மூச்சு வாங்குவது, கால் அல்லது வயிறு வீக்கம், இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிரம்பியது போலிருப்பது, நேற்று ஏறிய படியில் இன்று நடுவில் நிற்பது. வயிறு தொடர்பானதை "வாயு" என்று ஒதுக்கிவிடுவார்கள், அதனால் அதைத் தெளிவாகப் போடுங்கள். ஆம்புலன்ஸ் அழைக்க வேண்டியவை: உட்கார்ந்திருக்கும்போதே திணறல், ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமை, இளஞ்சிவப்பு நுரையோடு இருமல், நெஞ்சுவலி, மயக்கம், உதடு நீலமாவது, திடீர்க் குழப்பம். வண்டி வரும்வரை நிமிர்த்தி உட்கார வைத்துக் காலைத் தொங்கவிடச் சொல்லுங்கள். பதற்றத்தில் படுக்க வைத்துவிடுகிறார்கள், திணறல் அதிகமாகும்.

இ.எஃப்: இடது கீழறை நிரம்பும்போது அதில் இருக்கும் இரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எவ்வளவு வெளியே போகிறது என்ற அளவு அது. நல்ல இதயமே 55 முதல் 70 சதவீதம்தான் தள்ளும், நூறு யாருக்கும் கிடையாது. ஆகவே 35-ஐ 100-ஓடு அல்ல, 60-ஓடு ஒப்பிடச் சொல்லுங்கள். 50-க்கு மேல் இருந்தும் ஹார்ட் ஃபெயிலியர் வரும். அங்கே பிரச்சினை தள்ளுவதில் இல்லை. கீழறை விறைத்துப் போய் சரியாக நிரம்பாது. "இ.எஃப் நார்மல், நோயில்லை" என்று மாத்திரையை விட்டவர்கள் இந்த வகையில்தான் அதிகம். பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை: "செயலிழப்பு" என்று மொழிபெயர்ப்பதால் இதயம் நின்றுவிட்டதாகக் கேட்கிறது. தேவைக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறுகிறது என்பதுதான் பொருள். தாளில் "இதயப் பலவீனம்" என்றே போடுங்கள், பக்கத்தில் ஹார்ட் ஃபெயிலியர் இருக்கட்டும்.

தண்ணீர்: ஒன்றரை லிட்டரை எல்லோர் தலையிலும் கட்ட வேண்டாம். நிலைமை சீராக இருப்பவர்களிடம் 1.5 லிட்டர் கட்டுப்பாட்டையும் தாராளமாகக் குடிப்பதையும் ஒப்பிட்ட ஃப்ரெஷ்-அப் ஆய்வு 2025-ல் வந்தது. கட்டுப்பாட்டால் நோயாளியின் வாழ்க்கைத் தரம் தெளிவாகக் கூடியதாகத் தெரியவில்லை; தாகத் தொல்லைதான் அதிகம். ஆனால் இரத்தத்தில் சோடியம் குறைந்தவர்கள், திரும்பத் திரும்ப நீர் கோத்துச் சேர்கிறவர்களுக்கு 1.5 முதல் 2 லிட்டர் என்ற அளவு இன்னும் பொருந்தும். டாக்டர் நிரப்பும் கட்டமாக விடுங்கள். அளவு கொடுத்தால் அளக்கும் வழியும் கொடுங்கள்: காலையில் அந்த அளவு நீரை ஒரு பாட்டிலில் பிடித்து வைத்து, பால், சூப், தேநீர் எதைக் குடித்தாலும் அதே அளவு நீரைப் பாட்டிலிலிருந்து வேறு பாத்திரத்தில் ஊற்றிவிட வேண்டும். பாட்டில் காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. இடையில் தாகமெடுத்தால் வாய் கொப்பளித்துத் துப்பலாம், ஒரு துண்டு பனிக்கட்டி சப்பலாம்.

பதில் 4: அளவுக்கரண்டி (உணவியல் நிபுணர்)

உப்புக்கு நான். "குறைங்க" என்ற சொல்லைத் தாளிலிருந்து எடுத்துவிடுங்கள், அது எல்லோரும் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதாக நம்பும் ஒன்று. நாளுக்கு மொத்தம் 5 கிராம் உப்பைத் தாண்டாமல் இருக்க வேண்டும், அதில் 2 கிராம் சோடியம். தலைதட்டிய ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. இதில் ரொட்டி, பிஸ்கட், பொட்டலத் தீனி, உடனடி உணவு எல்லாவற்றின் உப்பும் அடக்கம். அதனால் அடுப்படிக்கு மூன்று கிராம்தான் மிச்சம் என்று வைத்துக்கொள்வது நல்லது.

நாள்தோறும் அளப்பது நடக்காது. வாரத்துக்கு அளக்கலாம். நாலு பேர் வீடென்றால் நாலு பெருக்கல் மூன்று பெருக்கல் ஏழு, 84 கிராம். அதைத் தனி டப்பாவில் போட்டு, வாரம் முழுக்க அந்த டப்பாவிலிருந்து மட்டும் சமையல். வியாழக்கிழமையே காலியானால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டாம்.

லேபிளில் சோடியம் என்று போட்டிருந்தால் 2.5 ஆல் பெருக்கினால் உப்பு. 100 கிராமில் சோடியம் 600 மில்லிகிராமுக்கு மேல் என்றால் அதிகம், 120-க்குள் என்றால் குறைவு. சமையல் சோடாவும் அஜினமோட்டோவும் வயிற்றெரிச்சலுக்கான சோடா பவுடரும் உப்பு சுவை இல்லாத சோடியம், அவை கணக்கில் வருவதே இல்லை.

இதைவிட இறுக்கிப் பிடிப்பதில் பயனில்லை. சோடியத்தை 1,500 மில்லிகிராமுக்குள் வைக்க முயன்ற சோடியம்-எச்எஃப் ஆய்வு 2022-ல் வெளியானது. மருத்துவமனையில் சேர்வதும் மரணமும் குறையவில்லை. சப்பென்று இருப்பதால் சாப்பாட்டையே குறைத்துக்கொள்ளும் முதியவருக்கு உப்பைவிட அதுதான் கெடுதல். நாக்கு பழக சில வாரம் ஆகும், படிப்படியாகக் குறைக்கட்டும்.

"குறைந்த சோடியம் உப்பு" என்று விற்பதில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். ஸ்பைரோனோலாக்டோன், ராமிப்ரில், வால்சார்ட்டன் எடுப்பவருக்குப் பொட்டாசியம் ஏறித் துடிப்பே குலையலாம். நல்லது செய்வதாக நினைத்து வீட்டார் வாங்கி வரும் பொருள் இது. தாளில் கட்டம் கட்டிப் போடுங்கள்.

பதில் 5: எடைநோட்டு

ஸ்டெத் டாக்டர் சொன்ன "அல்லது" சரி, ஏற்றுக்கொள்கிறேன்.

நடப்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியாவிட்டால் பரவாயில்லை. முதல் வாரம் ஐந்து நிமிடம் தாங்கினால் ஐந்து, பிறகு இரண்டிரண்டு நிமிடமாக ஏற்றலாம். எடை ஏறிய நாளிலும் காய்ச்சல் நாளிலும் வேண்டாம். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசி போட்ட தேதிக்கும் ஒரு வரி விடுங்கள். நெஞ்சுச் சளி ஒன்று பிடித்தாலே மறுபடி சேர வேண்டி வருகிறது.

தாளைக் கொடுத்துவிட்டு "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள். "தொடக்க எண் 69.9, நாளைக்கு மறுநாள் மெஷின் 72.1 காட்டுது, என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். "ரெண்டு நாள் பார்ப்பேன்" என்றால் திரும்ப முதலிலிருந்து. வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் யாரோ அவரிடமும் இதே கேள்வி.

வார்டுசெவிலி

கடைசியாக ஒன்று. மெஷின் மேல் நிற்கவே முடியாதவர்களுக்கு?

பதில் 6: எடைநோட்டு

அளவு நாடா. உள் கணுக்கால் எலும்பிலிருந்து 10 சென்டிமீட்டர் மேலே, அழியாத பேனாவால் ஒரு கோடு. தினம் காலை எழுமுன் இரண்டு காலிலும் அந்தக் கோட்டில் சுற்றளவு எடுத்து எழுத வேண்டும். நாடா தோலைத் தொட்டால் போதும், இறுக்கக் கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கினால் அது இதய நீர் அல்ல, இரத்தக்கட்டியா என்று அன்றே பார்க்க வேண்டும். முழு நேரமும் படுக்கையில் இருப்பவருக்குக் காலில் வீக்கம் தெரியாமலே போகலாம், நீர் முதுகின் அடிப்பகுதிக்கு இறங்கிவிடும். ஒருக்களித்துத் திருப்பி, இடுப்புக்குக் கீழே எலும்பு தட்டுப்படும் இடத்தில் கட்டைவிரலால் மெதுவாக ஐந்து நொடி அழுத்தி, குழி நிற்கிறதா என்று பாருங்கள். புண் இருந்தால் அந்த இடத்தை அழுத்தாமல் பக்கத்தில் பார்க்கவும்.